‘நெறி தவறாத காபி’ என்று ஸ்டார்பக்ஸ் சொன்னால் அதை நாமே சோதிப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

சில வருடங்களுக்கு முன்னால், ஒரு நவம்பர் கடைசியில், ஏற்காட்டு மலையில் ஒரு தோட்டத்தில் பழம் பறிப்பவர்களோடு ஒரு நாள் முழுக்க இருந்தேன். இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு, சரிவில் ஒரு காலை ஊன்றி, கொப்பை வளைத்துப் பிடித்து, சிவந்த பழத்தை மட்டும் திருகி எடுக்க வேண்டும். பச்சையை விட்டுவிட வேண்டும், அது அடுத்த சுற்றுக்கு. பத்து நிமிடத்தில் விரலெல்லாம் பிசுபிசுத்துவிடும், அந்தப் பிசுக்குக்கு எறும்பு வரும். சாயங்காலம் எடை போடும்போது ஒவ்வொரு மூட்டைக்கும் “சாக்கு, ஈரம்” என்று சொல்லி இரண்டு கிலோவைக் கழித்துத்தான் மேஸ்திரி நோட்டில் எழுதினார். பக்கத்தில் பறித்த அக்காவிடம் இது என்ன கணக்கு என்று கேட்டேன். “எப்பவும் அப்படித்தான் தம்பி, கேட்டா நாளைக்கு மேல்காட்டுக்கு அனுப்பிடுவாங்க” என்றார்.

அந்த இரண்டு கிலோ அதற்கப்புறம் என்னை விடவே இல்லை. காபிக் கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு அறிக்கையை எப்போது படித்தாலும் அந்தத் தராசு இதில் எங்கே இருக்கிறது என்றுதான் தேடுகிறேன். அப்படித் தேடித்தேடிக் கற்றுக்கொண்ட முறையை இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

எடுத்துக்காட்டுக்கு ஸ்டார்பக்ஸை எடுத்துக்கொள்கிறேன். உலகத்தில் விளையும் காபியில் சுமார் 3% அவர்கள் வாங்குவது, 30-க்கும் மேற்பட்ட நாடுகளில் 4 லட்சத்துக்கும் அதிகமான விவசாயிகளிடமிருந்து. அவர்கள் அளவுக்கு வாக்குறுதி கொடுத்தவர்களும் குறைவு, அவர்கள் அளவுக்கு வெளியாட்களால் துருவப்பட்டவர்களும் குறைவு. அதனால் சரிபார்க்க நிறைய இருக்கிறது. முறை பிடிபட்டுவிட்டால் வேறு எந்தக் காபிக் கடைக்கும் இதையே போட்டுப் பார்க்கலாம்.

தேவையானவை: நிறுவனத்தின் இணையதளத்தில் உள்ள கடைசி வருட அறிக்கை, குறைந்தது ஐந்து வருடம் பழைய அறிக்கை ஒன்று, ஒரு நோட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம்.

படி 1: சதவீதத்தைக் கண்டால் “எதில்?” என்று கேளுங்கள்

2015-ல் ஸ்டார்பக்ஸ் தன் காபியில் 99% நெறி தவறாமல் வாங்கப்பட்டது என்று அறிவித்தது. படித்தவுடன் நம் மனசில் வரும் படம் என்ன? 99% தொழிலாளர்கள் நன்றாக இருக்கிறார்கள் என்பதுதான். ஆனால் அந்த எண் காபியின் எடையைப் பற்றியது. வாங்கிய கொட்டையில் இத்தனை சதவீதம், ஒரு குறிப்பிட்ட திட்டத்தின் கீழ் சரிபார்க்கப்பட்ட இடங்களிலிருந்து வந்தது, அவ்வளவுதான் அதன் பொருள்.

அந்தத் திட்டத்தின் பெயர் ‘கஃபே பிராக்டிசஸ்’. 2004-ல் கன்சர்வேஷன் இன்டர்நேஷனல் என்ற அமைப்போடு சேர்ந்து தொடங்கினார்கள். (இருவருக்கும் உறவு அதற்கும் முன்னால், 1998-ல் மெக்சிகோவின் சியாப்பாஸ் பகுதியில் நிழல்மரக் காபியைக் காப்பாற்றும் வேலையில் ஆரம்பித்தது.) சரிபார்க்கும் ஏற்பாட்டை எஸ்.சி.எஸ். குளோபல் சர்வீசஸ் என்ற நிறுவனம் மேற்பார்வையிடுகிறது. தோட்டத்துக்கு வரும் ஆய்வாளர் கையில் 200-க்கும் மேற்பட்ட கேள்விகள் கொண்ட மதிப்பெண் தாள் இருக்கும்: பணம் யாருக்குப் போகிறது, கூலி எவ்வளவு, குழந்தைகள் வேலை செய்கிறார்களா, கழிவுநீர் எங்கே போகிறது, நிழல்மரம் இருக்கிறதா. குழந்தைத் தொழில், கட்டாய வேலை மாதிரி சிலவற்றை எந்த நிலையிலும் பொறுத்துக்கொள்வதில்லை என்பது விதி. மற்றவை மதிப்பெண்தான், கூடலாம் குறையலாம்.

இதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. தாளில் கேள்வியே இல்லாமல் வாங்குகிறவர்கள்தான் இன்னும் அதிகம். ஆனால் விதிகளை எழுதியவரும் கொட்டையை வாங்குகிறவரும் ஒருவரே என்பதை நோட்டில் முதல் வரியாகக் குறித்துக்கொள்ளுங்கள். ஃபேர்டிரேடு மாதிரி வெளியமைப்பின் முத்திரையும் இதுவும் ஒன்றல்ல.

படி 2: சான்றிதழையும் தொழிலாளர் ஆய்வாளரின் குறிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்

இருக்கும் படிகளிலேயே முக்கியமானது இது, கொஞ்சம் நேரம் எடுங்கள்.

உலகத்தில் காபி அதிகம் விளையும் நாடு பிரேசில், அங்கே அதிகம் விளைவது மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்தில். அறுவடைக் காலத்தில் அதே மாநிலத்தின் வறண்ட வடகிழக்குப் பகுதிகளிலிருந்தும் பாயா மாநிலத்திலிருந்தும் ஆட்கள் தெற்கே வருகிறார்கள். அவர்களைத் திரட்டிக் கொண்டுவரும் ஆளுக்கு அங்கே ‘காட்டோ’ என்று பெயர், போர்த்துக்கீசிய மொழியில் பூனை என்று அர்த்தம். நமக்கு விளக்கவே வேண்டாம், இலங்கைக் காபித் தோட்டங்களுக்கு 19-ம் நூற்றாண்டில் நம் ஊர்களிலிருந்து ஆள் கொண்டுபோன கங்காணிதான் அது. முன்பணம், பேருந்துச் செலவு, பறிக்கும் இயந்திரத்தின் விலை, எண்ணெய்ச் செலவு என்று ஒவ்வொன்றாகக் கூலியில் கழிப்பதும் அதே வழிதான். வேலை பிடிக்காவிட்டால் கிளம்பிப் போகலாமே என்று கேட்கலாம். கடனை அடைக்காமல் எப்படிப் போவது?

பிரேசில் அரசிடம் இதற்கென்று 1995 முதல் ஒரு நடமாடும் ஆய்வுக் குழு இருக்கிறது. அவர்கள் சட்டத்தில் அடிமைநிலை வேலை என்பதற்குச் சங்கிலியும் சாட்டையும் வேண்டியதில்லை. கட்டாய வேலை, உடம்பு தாங்காத நேரம், மனிதர் இருக்கத் தகாத நிலை, கடனால் கட்டிவைப்பது, இதில் ஏதாவது ஒன்று இருந்தாலே போதும். பிடிபட்ட முதலாளிகளின் பெயரை அரசே வெளியிடுகிறது. அதற்கு ‘அழுக்குப் பட்டியல்’ என்றே பேர். ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கிறார்கள், யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம்.

2018-ல் மினாஸ் ஜெராய்ஸில் பியூம்ஹி என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு காபித் தோட்டத்திலிருந்து 18 பேரை அரசு ஆய்வாளர்கள் மீட்டார்கள். அந்தத் தோட்டத்திடம் கஃபே பிராக்டிசஸ் சான்று இருந்தது. இங்கே அடிமை வேலைக்கு இடமில்லை என்று பலகையும் வைத்திருந்தார்கள். சமீப வருடங்களில் அங்கே வாங்கவில்லை, சான்றை மறுபரிசீலனை செய்கிறோம் என்று ஸ்டார்பக்ஸ் சொன்னது. அதற்கப்புறமும் இது மாதிரி செய்திகள் நிற்கவில்லை. 2020-ல் குவாதமாலாவில் காபித் தோட்டங்களில் குழந்தைகள் வேலை செய்வதை ஒரு பிரிட்டிஷ் தொலைக்காட்சி காட்டியது. 2024 ஜனவரியில் அமெரிக்க நுகர்வோர் அமைப்பு ஒன்று, ‘நெறி தவறாத’ என்ற சொல்லே வாங்குபவரை ஏமாற்றுகிறது என்று வாஷிங்டனில் வழக்குப் போட்டது. 2025 ஏப்ரலில் பிரேசில் தொழிலாளர்கள் எட்டுப் பேர் சார்பில் இன்னொரு வழக்கு. நிறுவனம் குற்றச்சாட்டுகளை மறுக்கிறது.

இதைப் படித்துவிட்டுச் சான்று எல்லாமே பொய் என்று முடிவுகட்ட வேண்டாம். என்ன நடக்கிறது என்றால், சான்றுக்காகச் சரிபார்க்கும் ஆய்வாளர் வருவது பெரும்பாலும் தேதி சொல்லித்தான், அதுவும் எப்போதாவது. அறுவடை ஆட்கள் இருப்பதோ மூன்று நான்கு மாதம். அவர் வரும் நாளில் கண்ணில் படுவது நிரந்தர ஆட்களும் கணக்குப்பிள்ளையும் சுத்தமான கழிப்பறையும் மட்டுமாக இருக்கலாம். ஏற்காட்டில் எனக்குப் பக்கத்தில் பறித்த அக்காவை யாராவது கேட்டிருந்தால்கூட, மேஸ்திரி நிற்கும்போது அந்த இரண்டு கிலோவைப் பற்றி வாய் திறந்திருப்பாரா?

ஆக, செய்ய வேண்டியது: நிறுவனம் எந்தத் தோட்டங்களில் வாங்குகிறது என்று பெயரோடு பட்டியல் வெளியிடுகிறதா பாருங்கள். பெயர் இருந்தால் அழுக்குப் பட்டியலோடு ஒப்பிடலாம். பெயர் இல்லாமல் நாட்டின் பெயர் மட்டும் இருந்தால் வெளியாள் எதையும் சரிபார்க்க முடியாது, அதையும் நோட்டில் எழுதுங்கள்.

படி 3: ஒரு கப்பைப் பிரித்துக் கணக்குப் போடுங்கள்

இதை எல்லோரும் ஒருமுறையாவது கையால் போட்டுப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன், பத்தே நிமிட வேலை.

இரண்டு ஷாட் டிகாக்ஷன் போட்ட ஒரு லாட்டேக்கு, அதாவது ஒரு கப் பால் காபிக்கு, சுமார் 18 கிராம் வறுத்த கொட்டை. வறுக்கும்போது எடையில் 15 முதல் 20% ஆவியாகப் போய்விடும், ஆகப் பச்சைக் கொட்டை 22 கிராம் என்று வைத்துக்கொள்வோம். பழக் கணக்கில் பார்த்தால் கிட்டத்தட்ட 70 பழம், இரண்டு கைப்பிடி. உலகச் சந்தையில் அரபிகா என்ற காபி வகையின் விலையை நியூயார்க்கில் பவுண்டு எடைக்கு, அதாவது 454 கிராமுக்கு, இத்தனை சென்ட் என்று சொல்கிறார்கள். ஒரு பவுண்டில் ஏறக்குறைய 20 லாட்டே.

2019-ல் சந்தை விலை ஒரு டாலருக்கும் கீழே போனது. அப்போது அந்த லாட்டேயில் இருந்த கொட்டையின் விலை 5 சென்ட்கூட இல்லை. 2025 பிப்ரவரியில் 4 டாலரைத் தாண்டியது, அப்போது 20 சென்ட். அமெரிக்காவில் அந்தக் கப்பின் விலை சுமார் 5 டாலர். இந்த 5 சென்டும் 20 சென்டும் ஏற்றுமதியாகும் கட்டத்து விலை என்பதையும் மறக்க வேண்டாம். பதப்படுத்தியவர், லாரி, தரகர், ஏற்றுமதியாளர் எல்லாரும் எடுத்த மிச்சம்தான் விவசாயிக்கு, அதில் ஒரு துண்டுதான் பறித்தவருக்கு.

இப்போது பழைய அறிக்கையை எடுங்கள். ஒரு காலத்தில் ஸ்டார்பக்ஸ் பவுண்டுக்குச் சராசரியாக எவ்வளவு கொடுத்தோம் என்று அறிக்கையில் அச்சிட்டது: 2010-ல் 1.56 டாலர், 2011-ல் 2.38 டாலர். உங்கள் கையில் இருக்கும் புது அறிக்கையில் அந்த வரி இருக்கிறதா தேடுங்கள். இருந்தால், பக்கத்தில் ஃபேர்டிரேடின் குறைந்தபட்ச விலையை எழுதுங்கள். நீரில் பதப்படுத்திய அரபிகாவுக்குப் பல வருடம் 1.40 டாலராக இருந்து, 2023 ஆகஸ்டில் 1.80 ஆனது. அதற்குமேல் 20 சென்ட் கூட்டுறவுக்கு.

விலைதான் எல்லாம் என்று சொல்லவில்லை. விவசாயிகளுக்கு இலவச ஆலோசனை தரும் மையத்தை 2004-ல் கோஸ்டா ரிகாவில் ஆரம்பித்து மற்ற நாடுகளுக்கும் கொண்டுபோனார்கள், இலைத்துரு நோயைத் தாங்கும் நாற்றுகளைக் கோடிக்கணக்கில் கொடுத்தார்கள். இலைத்துரு என்னவெல்லாம் செய்யும் என்பது இலங்கையின் கதை தெரிந்தவர்களுக்குப் புரியும், 1869-ல் வந்த அந்த நோய்தான் அங்கே காபியையே இல்லாமலாக்கித் தேயிலையைக் கொண்டுவந்தது. நாற்று பெரிய உதவிதான். ஆனால் நாற்று நட்டு மூன்று வருடம் காத்திருந்து பழம் பறித்து விற்கும்போது விலை ஒரு டாலர் என்றால், அந்த உதவியின் பலன் வாங்குகிறவருக்கே திரும்பிப் போகிறது. விலை விழும்போது நஷ்டம் யார் தலையில் என்பதற்கு அறிக்கையில் பதில் இருக்க வேண்டும்.

படி 4: பழைய வாக்குறுதியைப் புதியதோடு ஒப்பிடுங்கள்

கப்பை எடுத்துக்கொள்ளலாம். 2008-ல் கொடுத்த வாக்கு, 2015-க்குள் 25% பானங்களைத் திரும்பப் பயன்படுத்தும் கப்பில் கொடுப்போம் என்பது. 2011-ல் அதை 5% ஆகக் குறைத்தார்கள். 2015 வந்தபோது 2%-ஐக்கூட எட்டவில்லை. காகிதக் கப் என்கிறோமே தவிர உள்ளே மெல்லிய பாலிஎத்திலீன் பூச்சு இருக்கிறது, அதைப் பிரிக்கும் வசதி இல்லாத ஊரில் அது குப்பைதான். 2018-ல் புதுக் கப்பைக் கண்டுபிடிக்க 1 கோடி டாலர் ஒதுக்கினார்கள். 2020-ல் அடுத்த வாக்கு வந்தது: 2030-க்குள் கார்பன், நீர், குப்பை மூன்றையும் பாதியாக்குவோம்.

ஒரு வாக்கு தவறுவது குற்றமில்லை. ஏன் தவறியது என்று அடுத்த அறிக்கையில் சொல்லியிருக்கிறார்களா, அல்லது இலக்கே சத்தமில்லாமல் காணாமல் போயிருக்கிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது. ‘இலக்கு’, ‘எட்டியது’, ‘காரணம்’ என்று மூன்று பத்தி கோடு போட்டு எழுதினால் மூன்றாவது பத்தி எவ்வளவு காலியாக இருக்கிறது என்று நீங்களே பார்ப்பீர்கள்.

படி 5: சுற்றுச்சூழல் கணக்கில் பெரிய எண்ணைத் தேடுங்கள்

ஸ்ட்ரா, கப் எல்லாம் கண்ணுக்குத் தெரியும் விஷயங்கள். நிறுவனமே 2018-ம் ஆண்டுக்குக் கணக்கெடுத்தபோது வெளியான பசுங்குடில் வாயு 1.6 கோடி டன், அதில் முதலிடம் பாலுக்கு. மாட்டின் தீவனமும் சாணமும் ஏப்பமும் சேர்ந்த கணக்கு. பாலைக் குறைப்பதுதான் பெரிய வேலை என்று தெரிந்த பிறகும், அமெரிக்காவில் ஓட்ஸ் பாலுக்கும் பாதாம் பாலுக்கும் கூடுதல் காசு வாங்குவதை 2024 நவம்பரில்தான் நிறுத்தினார்கள்.

நீரிலும் இதே கதை. 2008-ல் கடைகளில் கரண்டி கழுவும் குழாய் நாள் முழுக்க ஓடிக்கொண்டே இருப்பதை ஒரு பிரிட்டிஷ் நாளிதழ் எழுதியது, தினமும் 2 கோடி லிட்டருக்கு மேல் வீண் என்று. அதற்கப்புறம் மாற்றினார்கள். தோட்டத்தில் நடப்பதை அப்படி யாரும் படம்பிடிப்பதில்லை. பல்ப்பரில் தோலை உரித்து, ஊறவைத்துக் கழுவும் தண்ணீர் புளித்த சர்க்கரைத் தண்ணீர்தான், ஓடையில் விட்டால் மீனுக்கு மூச்சுவிடக் காற்று மிஞ்சாது. அறுவடைக் காலத்தில் பல்ப்பர் கூடத்துக்குக் கீழே போகும் ஓடையின் நாற்றத்தை முகர்ந்தவர்கள் மறக்க மாட்டார்கள். அறிக்கையில் ‘நீர்’ என்று வந்தால் அது கடைக் குழாயா, தோட்டத்து ஓடையா என்று பாருங்கள்.

படி 6: கவுண்டருக்குப் பின்னால் நிற்பவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்

பகுதிநேர ஊழியருக்கும் 1988 முதல் மருத்துவக் காப்பீடு, 1991 முதல் பங்கு, 2014 முதல் கல்லூரிக் கட்டணம் என்று அமெரிக்காவில் அவர்கள் செய்தது அந்தத் தொழிலில் அரிதானது, அதைச் சொல்லியே ஆக வேண்டும். அதே ஊழியர்கள் 2021 டிசம்பரில் பஃபலோ நகரத்துக் கடையில் சங்கம் அமைத்தபோது நிறுவனம் எதிர்த்து நின்றது, மெம்ஃபிஸில் வேலையிழந்த ஏழு பேரின் வழக்கு 2024-ல் உச்ச நீதிமன்றம் வரை போனது. இன்று சங்கம் வைத்த கடைகள் 500-க்கும் மேல். தொழிலாளர் சங்கம் அமைக்கும் உரிமையை மதிக்க வேண்டும் என்று தோட்டக்காரருக்கு நிபந்தனை போடும் நிறுவனம் தன் கடையில் என்ன செய்கிறது என்று கேட்பது நியாயம்தானே?

வரியும் இதில் வரும். பிரிட்டனில் 14 வருடத்தில் 300 கோடி பவுண்டுக்கு விற்று, கட்டிய நிறுவன வரி 86 லட்சம் பவுண்டு என்று 2012-ல் செய்தி வந்தது. சட்டத்துக்கு உட்பட்டதுதான், ஆனாலும் மக்களின் எதிர்ப்பு கிளம்பியதும் 2 கோடி பவுண்டு தாமாகவே கட்ட முன்வந்தார்கள்.

படி 7: கேளுங்கள், எழுத்தில்

வெளியே இருந்து கேட்டால் எதுவும் நடக்காது என்று நினைப்பவர்களுக்கு எத்தியோப்பியாவைச் சொல்வேன். சிடாமோ, ஹரார், யிர்காசெஃபே மூன்றும் அங்கே காபி விளையும் பகுதிகளின் பெயர், அந்தப் பெயருக்காகவே காபி கூடுதல் விலைக்குப் போகிறது. 2005-ல் எத்தியோப்பிய அரசு இவற்றை அமெரிக்காவில் தன் வணிகப் பெயராகப் பதிவு செய்யப் போனபோது, ஸ்டார்பக்ஸ் ஏற்கெனவே சிடாமோ சேர்ந்த ஒரு பெயருக்கு விண்ணப்பித்திருந்தது. 2006-ல் ஆக்ஸ்ஃபாம் என்ற தொண்டு அமைப்பு இதை வெளியே கொண்டுவந்ததும் ஆயிரக்கணக்கானோர் நிறுவனத்துக்கு எழுதினார்கள். 2007-ல் நிறுவனம் அந்தப் பெயர்களின் உரிமையை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டது.

இந்தியாவில் இருப்பவர்களுக்கு வேலை இன்னும் சுலபம். இங்கே கடை நடத்துவது டாடாவோடு சேர்ந்த சரிபாதிக் கூட்டு நிறுவனம், 2012 அக்டோபரில் மும்பையில் முதல் கடை. கொட்டை பெரும்பாலும் டாடாவின் சொந்தத் தோட்டங்களிலிருந்து வருகிறது, குடகில் வறுக்கிறார்கள். பிரேசில் மாதிரி நாலு கை மாறவில்லை, அதனால் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது.

வாடிக்கையாளர் சேவை முகவரிக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். திட்ட வேண்டாம், நீளமாக எழுத வேண்டாம். நான் எழுதும் கேள்விகள் இவை, எடுத்துக்கொள்ளுங்கள்:

“கடந்த அறுவடையில் நீங்கள் வாங்கிய தோட்டங்களின் பெயர்ப் பட்டியல் எங்கே கிடைக்கும்? ஒரு கிலோ பச்சைக் கொட்டைக்குச் சராசரியாக எவ்வளவு கொடுத்தீர்கள்? அறுவடைக்கு மட்டும் வரும் வெளியூர் ஆட்களிடம், மேஸ்திரி இல்லாத இடத்தில், அவர்கள் மொழியில் உங்கள் ஆய்வாளர் பேசினாரா, எத்தனை பேரிடம்? பழத்தை எடை போடும்போது தராசைப் பறித்தவர் பார்க்க முடிகிறதா, எடையில் எதையாவது கழிக்கிறார்களா?”

பொதுவாக ஒரு நன்றிக் கடிதமும் அறிக்கையின் இணைப்பும்தான் முதலில் வரும். அதே மின்னஞ்சலுக்குப் பதிலாக, கடைசிக் கேள்வியை மட்டும் வெட்டி ஒட்டி, திரும்ப அனுப்புங்கள்.